3 வயது மகளுக்கு ஊரில் ஸ்டெம் செல் "ஆய்வு": பணம் கட்டிச் சேரலாமா?

செங்காங்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகளுக்கு அடுத்த மாதம் 3 வயது முடிகிறது. 29 வாரத்தில் பிறந்தவள். ஒன்றரை வயதில் பெருமூளை வாதம், ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா என்றார்கள். இரண்டு காலும் விறைப்பு, கை பரவாயில்லை. நடமாட்ட அளவில் மூன்றாம் நிலை (ஒன்று லேசானது, ஐந்து கடுமையானது) என்று எழுதியிருக்கிறார்கள். வாக்கர் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலிலிருந்து லிஃப்ட் வரை போவாள், திரும்பி வருவதற்குள் களைத்துவிடுவாள். பிடிக்காமல் நிற்க வராது. பேச்சு நன்றாக இருக்கிறது, வாய் ஓயாது. ஈப்பிக் எனும் சிறுவயதுப் பயிற்சித் திட்டத்துக்குப் போகிறாள்.

போன ஞாயிறு மாமியாரின் தம்பி இந்தியாவில் ஊரிலிருந்து ஒரு பிரசுரம் அனுப்பினார். "பெருமூளை வாதக் குழந்தைகளுக்கான மருத்துவ ஆராய்ச்சித் திட்டம்" என்று போட்டிருக்கிறது. குழந்தையின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, செல்களைப் பிரித்து, முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுவார்களாம். நான்கு தடவை. எட்டரை லட்சம் ரூபாய், நம் சிங்கப்பூர்க் காசுக்கு ஏறத்தாழ 13,000 வெள்ளி. நூற்றில் தொண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னேற்றம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால்தான் இடம்.

என் கணவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மாமியார் தினமும் அழுகிறார். சீட்டுப் பணம் இருக்கிறது, நகை இருக்கிறது. காசு போனால் சம்பாதிக்கலாம், வயது போனால் வராது என்கிறார். எனக்கும் அந்த இடத்தில்தான் மனம் நிற்கிறது. ஆராய்ச்சி என்று போட்டிருப்பதால் யாரோ பார்த்து அனுமதி கொடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அது சரியா? உண்மையான ஆய்வு எது, இல்லாதது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாராவது போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ரவி_சுவாசூகாங்

சிஸ், நாங்க போனோம். இது இல்ல, வேற இடம், ரெண்டு வருஷம் ஆச்சு. பையனுக்கு அப்போ 2 வயசு 4 மாசம், அஞ்சாம் நிலை, தலையே நிக்காது. மூணு ஊசி. திரும்பி வந்து ரெண்டு மாசத்துல தலை கொஞ்ச நேரம் நின்னுச்சு. என் அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு முருகன் கோயிலுக்கு நேந்துகிட்டாங்க. ஊசியாலதானான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா முயற்சி பண்ணாம விட்டுட்டோமேன்னு ராத்திரி தூங்காம கெடக்க என்னால முடியாது. உங்க மனசு சொல்றபடி செய்யுங்க.

ஈசூன்_அக்கா

செங்காங் அம்மா, முதலில் அந்த வெள்ளிக்கிழமைக் கெடுவைத் தூக்கி ஓரமாக வையுங்கள். உண்மையான ஆய்வு நடத்துகிறவர்கள் சம்மதப் படிவத்தைக் கையில் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள், வேறு மருத்துவரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றாலும் உங்கள் பிள்ளையின் வழக்கமான சிகிச்சை குறையாது என்பார்கள். இத்தனை நாளுக்குள் முன்பணம் என்று நெருக்கமாட்டார்கள்.

ரவி தம்பி, உங்கள் மகனுக்குத் தலை நின்றதை நான் சந்தேகப்படவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே தளத்தில் நானும் உங்களைப் போலத்தான் எழுதினேன். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன்.

என் மகனுக்கு இப்போது 12 வயது. வலது கை, வலது கால் பாதிப்பு. அவனுக்கு 4 வயதானபோது ஆக்சிஜன் அறைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனேன், காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் உட்கார்ந்து ஆக்சிஜன் சுவாசிப்பது. எந்த ஊர், எந்த இடம் என்று சொல்லவில்லை. 40 அமர்வு, தினம் ஒரு மணி நேரம். இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். அறைக்குள் காது அடைக்கும், அதற்காக அவன் வாயில் மிட்டாய் போட்டுவிட்டுக் கதை சொல்வேன். முப்பதாவது அமர்வோ என்னவோ, வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, வலது கையால் தன் காலணியின் வெல்க்ரோ பட்டையை அவனே இழுத்து ஒட்டினான். அந்தக் கை அதுவரை முஷ்டி பிடித்தபடி மடியில் கிடந்த கை. நான் அழுதுவிட்டேன். வீடியோ எடுத்து இங்கே போட்டேன். அதைப் பார்த்து மூன்று குடும்பம் போனது. அதில் ஒருவர் வளையலை அடகு வைத்துப் போனார்.

திரும்பி வந்தபின் மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு. இந்த ரெண்டு மாசத்துல வேற என்னெல்லாம் மாறிச்சு?" என்று கேட்டார். வேறொன்றும் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் யோசித்தேன். அந்த அறைக்குள் காலணியோடு போகக் கூடாது. வாசலில் கழற்ற வேண்டும், வெளியே வந்து மாட்ட வேண்டும். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் எனக்கும் வேலை இல்லை, அவனுக்கும் வேலை இல்லை. "நீயே இழு கண்ணா, அந்தக் கையால இழு" என்று தினமும் உட்கார்ந்திருப்பேன். சிங்கப்பூரில் இருந்தவரை காலையில் பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் நானே மாட்டிவிடுவேன். அங்கே போய்த்தான் 40 நாள், கழற்றுவதும் மாட்டுவதுமாக 80 தடவை, அவன் அந்தக் கையைப் பழக்கியிருக்கிறான்.

அடுத்த முறை போனபோது மருத்துவர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். கனடாவின் கியூபெக்கில் நடந்தது, 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 3 முதல் 12 வயது வரை 111 பிள்ளைகள். பாதிப்பேருக்கு 1.75 மடங்கு காற்றழுத்தத்தில் முழு ஆக்சிஜன். மீதிப்பேருக்கு 1.3 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்று. எல்லாருக்கும் 40 அமர்வு, நான் கட்டிய அதே 40. எந்தப் பிள்ளைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, அளந்து பார்த்தவர்களுக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பக்கமும் முன்னேறியிருந்தது, ஒரே அளவுக்கு. ஆக்சிஜன் பெற்ற பிள்ளைகளுக்குக் காதுத் தொல்லை கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியென்றால் என் மகன் முன்னேறியது பொய்யா? பொய்யில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாருமே முன்னேறினார்கள். அதைச் செய்தது ஆக்சிஜன் இல்லை, அவ்வளவுதான். அந்த இன்னொரு பாதிப் பிள்ளைகள் இல்லாமல் ஆய்வு நடந்திருந்தால், அத்தனை பெற்றோரும் என்னைப் போல வீடியோ போட்டிருப்பார்கள். ஒப்பிட ஒரு குழு இல்லாத இடத்தில் "நூற்றில் தொண்ணூறு பேருக்கு முன்னேற்றம்" என்றால், பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம்.

உங்கள் மகளின் வயதில் இது இன்னும் முக்கியம். கனடாவிலேயே ஒன்டாரியோவில் 657 பெருமூளை வாதக் குழந்தைகளை வருடக்கணக்காக அளந்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வளைகோடு போட்டார்கள். 2002இல் வெளிவந்தது. முதல் சில வருடம் எல்லா நிலையிலும் கோடு செங்குத்தாக ஏறுகிறது, பிறகு சமதளமாகிறது. மூன்றாம் நிலைப் பிள்ளைகள் தங்களால் எட்டக்கூடிய அசைவுத் திறனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைச் சராசரியாக மூன்றே முக்கால் வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் நிலையில் 2 வயது 8 மாதத்துக்குள். உங்கள் மகள் இப்போது அந்த ஏற்றத்தில் இருக்கிறாள். இந்த நேரத்தில் ஊசி போட்டாலும் எண்ணெய் தேய்த்தாலும், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அதனால்தான் என்று தோன்றும். வயது போனால் வராது என்று உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்த மாதங்களை விமான நிலையத்திலும் மயக்க மருந்திலும் செலவழிக்க வேண்டாம் என்கிறேன்.

ஸ்டெம் செல் என்ற பெயர் வந்தாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 63 குழந்தைகளுக்கு அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தையே கொடுத்து ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டது. பாதிப்பேருக்கு முதலில் ரத்தம், மீதிப்பேருக்கு முதலில் போலி மருந்து, ஒரு வருடம் கழித்து மாற்றிக் கொடுத்தார்கள். எந்தக் குழந்தையும் விடுபடவில்லை, ஒப்பிடவும் முடிந்தது. ஒரு வருட முடிவில் மொத்தமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை, அதிக அளவு செல் பெற்ற பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. பிறகு 2025இல் பல ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில் தொப்புள்கொடி ரத்தத்துக்கு ஓரளவு பலன் இருப்பதாக வந்திருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அது தொப்புள்கொடி ரத்தம், ரத்தக் குழாய் வழியாகக் கொடுத்தது. உங்கள் பிரசுரத்தில் இருப்பது இடுப்பெலும்பு மஜ்ஜை, முதுகுத்தண்டில் ஊசி. ஒன்றின் முடிவைக் காட்டி இன்னொன்றை விற்கக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த இடத்துக்குப் போன் செய்து நேராகக் கேளுங்கள். சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவெண் என்ன? இந்தியாவில் 2009 ஜூன் மாதத்திலிருந்து மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளை அந்தப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும், யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம், பதிவேடு தரச் சான்றிதழ் இல்லை. எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? ஒப்பிடும் குழு உண்டா? அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா? ஊசியால் ஏதாவது ஆனால் செலவை யார் ஏற்பார்கள்? கடைசியாக, ஆய்வு என்றால் நான் ஏன் எட்டரை லட்சம் கட்ட வேண்டும்? ஆய்வில் பிள்ளையைக் கொடுப்பது நாம். அறிவு அவர்களுக்குப் போகிறது. நம்மிடம் சிகிச்சைக்குக் காசு வாங்குவது முறையே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையிலும், சில ரத்த நோய்கள் போன்றவை தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம், சிகிச்சை என்று விற்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி நெறிமுறைக் குழு பார்க்காமல், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை ஆய்வில் சேர்ப்பது பொதுவாக முடியாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள்: மகளுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எடுத்த கணக்கு ஒன்று 2006இல் வந்தது. பெருமூளை வாதப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் இடுப்பு மூட்டு குழியை விட்டு மெல்ல நகர்கிறது. மூன்றாம் நிலையில் பத்தில் நான்கு பேர், ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேர். ஆரம்பத்தில் வலியே இருக்காது, எக்ஸ்ரேயில் மட்டும்தான் தெரியும். ஸ்வீடனில் 1994இல் தொடங்கி எல்லாப் பிள்ளைகளையும் முறையாகப் பார்த்ததால், மூட்டு முழுதாக விலகிப்போவதை ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். எட்டரை லட்சம் இல்லை, ஒரு எக்ஸ்ரே.

அந்த வளையல்காரப் பெண்ணிடம் நான் பிறகு நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க வேணும்னே சொல்லலையேக்கா" என்றார். அது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

பழைய_பிசியோ

ஈசூன் அக்கா சொன்னதோடு நான் சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு பிசியோ செய்து ஓய்வு பெற்றவள் நான். நாங்கள் படித்தது போபாத் முறை. லண்டனில் போபாத் தம்பதி 1940களில் தொடங்கியது. பிள்ளையைப் பிடித்து, நம் கையால் சரியான அசைவுக்குக் கொண்டுவருவது. அப்படித்தான் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை என் கையால் அசைத்தேன், நம்பித்தான் செய்தேன். 2013இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 64 வகைச் சிகிச்சைகளை அலசி, போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை (செய்யலாம்), மஞ்சள் (கவனமாக), சிவப்பு (வேண்டாம்) என்று பிரித்தது. பழைய பாணியில் நாம் அசைத்துவிடுவது பின்னுக்குப் போயிற்று. பிள்ளை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது பச்சையில் நின்றது. அதைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் எவ்வளவு நேரம் என்று பயப்பட வேண்டாம். அதே நோவாக் 2009இல் 36 பிள்ளைகளை வைத்து வீட்டுப் பயிற்சியை ஆராய்ந்தார். 8 வாரம் செய்த குடும்பங்கள் மாதம் 17 தடவைபோல, ஒரு தடவைக்குச் சுமார் 16 நிமிடம்தான் செய்தன. அதற்கே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் எந்தக் காரியம் என்பதைக் குடும்பம்தான் தேர்ந்தெடுத்தது. "காலுக்கு வலு" என்று எழுதாதீர்கள். உங்கள் மகள் எதைத் தானே செய்ய வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்? அதை எழுதி உங்கள் பிசியோவிடம் கொண்டுபோங்கள்.

செங்காங்_அம்மா

அக்கா இரண்டு பேருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது.

போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன், மாமியாரும் பக்கத்தில் இருந்தார். பதிவெண் கேட்டதற்கு "டாக்டர் வந்ததும் சொல்றோம்" என்றார்கள். ஒப்பிடும் குழு உண்டா என்று கேட்டேன். "நாங்க யாருக்கும் போலி மருந்து கொடுத்து ஏமாத்தறதில்லம்மா, எல்லாருக்கும் உண்மையான செல்தான்" என்றார் அந்தப் பெண், பெருமையாக. அக்கா எழுதியதைப் படித்திருக்காவிட்டால் எனக்கு அது நல்ல பதிலாகத்தான் தோன்றியிருக்கும். யார் அளக்கிறார்கள் என்றதற்கு, பெற்றோர் ஒரு படிவம் நிரப்பித் தருவார்களாம். ஏன் பணம் என்று மாமியாரே குனிந்து போனில் கேட்டார். "ஆராய்ச்சிக்குச் செலவு ஆகுமில்லையா" என்றார்கள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை வந்து போயிற்று.

எக்ஸ்ரே ஒன்று இரண்டு வயதில் எடுத்திருக்கிறார்கள், அடுத்தது எப்போது என்று கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.

அவள் எதற்கு அடம்பிடிக்கிறாள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பல் துலக்கும்போது முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் அவளுக்கு. நான்தான் தினமும் தூக்கிப் பிடிப்பேன். இப்போது சிங்க் முன்னால் அகலமான முக்காலி ஒன்று, இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி. பிசியோ வந்து உயரம் பார்த்துவிட்டுப் போனார். வலது காலை முதலில் வைக்கிறாள், இடது கால் பின்னாலேயே இழுபடுகிறது, முட்டி முக்காலி விளிம்பில் இடிக்கிறது. நேற்று நான்கு தடவை, இன்றைக்கு ஆறு. இன்னும் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவது மாமியார்தான், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போடுகிறார்.

ரவி_சுவாசூகாங்

அக்கா, நீங்க எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை கோபம் வந்துச்சு, உண்மையா சொல்றேன். பையன் ஊசிக்குப் போனப்போ 2 வயசு 4 மாசம், நீங்க சொன்ன அந்தக் கோடு ஏறுற நேரம்தான்.

ஆனா நான் எழுத வந்தது அது இல்ல. அவனுக்கு ஒன்றரை வயசுல ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க, அதுக்கப்புறம் எடுக்கலை. அடுத்த ரெண்டு அப்பாயிண்ட்மென்ட்டும் நாங்க ஊர்ல இருந்தோம், ஊசிக்காக. திரும்பி வந்து மறுபடி தேதி கேக்கவே இல்ல. இப்போ டயப்பர் மாத்தும்போது இடது தொடையை விரிச்சா முகத்தைச் சுளிக்கிறான், நாங்க விறைப்புன்னு நெனச்சோம். காலைல எட்டரைக்கு போன் பண்ணிட்டேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. போயிட்டு வந்து எழுதுறேன்.